நல்லவர் அல்லாதவருக்கான அழுகை: ‘ஆழி சூழ் உலகு’ நாவலை முன்வைத்து

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ தமிழினி வெளியீடாக 2004ஆம் ஆண்டு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இதற்குள் அந்நாவலைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நெய்தல் நிலத்தின் காவியம் என்றார்கள், பரதவர் மொழியின் ஆவணம் என்றார்கள், இனவரைவியல் நாவல் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் தூத்துக்குடியில் இருந்துகொண்டு அதை மீண்டும் ஒருமுறை சேர்ந்து வாசித்தபோது எங்கள் முன் வந்து நின்ற கேள்வி வேறு. இந்நாவலில் நமக்குப் பிடித்துப்போகும் மனிதர்கள் மிகக் குறைவு. சாகிறவர்களோ மிக அதிகம். பிடிக்காத ஒருவன் சாகும்போது வாசகன் என்ன செய்ய வேண்டும்?

நாங்கள் ஏழெட்டுப் பேர். மாதத்திற்கு ஒரு ஞாயிறு மாலை, பழைய துறைமுகத்திற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு நண்பரின் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர் ஒருவர், வங்கி ஊழியர் இருவர், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கல்லூரி மாணவர்கள் ஓரிருவர். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. ஒரு புத்தகம், ஒரு மாலை, தேநீர். ‘ஆழி சூழ் உலகு’ மட்டும் ஒரு மாலையில் முடியவில்லை. மூன்று மாதம் இழுத்தது. அதில் பாதி நேரம் சண்டையில் போயிற்று.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆமந்துறை என்ற கற்பனைக் கடற்கரை ஊர். ஆசிரியர் பிறந்த உவரியின் சாயல் அதில் உண்டு. 1933 முதல் 1985 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு. மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூன்று பேர் சிதைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கிறார்கள். கரை தெரியவில்லை. அந்த மிதப்புக்கு இடையிடையே ஊரின் கதை விரிகிறது. சுறா வேட்டை, ஊர்ப்பகை, வெட்டுக்குத்து, கள்ள உறவு, வஞ்சம், வறுமை, கோயில், வியாபாரம், படிப்பு வந்து சேர்தல். ஆண்டுகள் நகர நகர ஆட்கள் குறைகிறார்கள். கடல் சிலரைக் கொள்கிறது. சிலரை ஊரே கொன்றுவிடுகிறது. காகு சாமியார் போன்ற ஓரிருவரை விட்டுவிட்டால், இவர் பக்கம் நிற்கலாம் என்று நாம் நம்பி நிற்க ஆளில்லை. இன்று நாம் இரக்கப்பட்ட ஒருவன் ஐம்பது பக்கம் கழித்து நம்மை முகம் சுளிக்க வைப்பான்.

முதல் கூட்டத்திலேயே தமிழாசிரியர் தம் மனக்குறையைச் சொன்னார். “ஒரு கதைக்குள்ள நாம கூட நடந்துபோக ஒருத்தராவது வேண்டாமா? அறுநூறு பக்கத்துக்கு மேல படிச்சாச்சு. எவன் செத்தாலும் ‘சரி, போகட்டும்’னு பக்கத்தைப் புரட்டத் தோணுது. இது என் தப்பா, எழுதினவர் தப்பா?”

கேலியாகச் சொல்லப்பட்டதல்ல அது. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு இலக்கியம் என்பது மனத்தை விரிப்பது. வெறுப்பை வளர்க்கும் புத்தகம் எதற்கு என்பது அவருடைய நியாயமான கேள்வி.

*

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். மலைக்குப் புணர்தல், காட்டுக்கு இருத்தல், வயலுக்கு ஊடல், பாலைக்குப் பிரிதல். கடற்கரைக்கு மட்டும் துக்கம். ஏன் கடற்கரைக்குத் துக்கத்தை ஒதுக்கினார்கள் என்று கடற்கரையில் வாழ்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. காலையில் போனவன் மாலையில் வருவானா என்று பார்த்துக்கொண்டு நிற்பதே அங்கே பெண்களின் பாதி வாழ்வு.

ஆனால் சங்கப் பாடல்களின் இரங்கல் அழகானது என்பதையும் கவனிக்க வேண்டும். தலைவி அழகி. தலைவன் பிரிந்தாலும் உயர்ந்தவன். காத்திருப்பவளின் துயரத்திற்குப் பின்னால் புன்னையும் தாழையும் நாரையும் வந்து நிற்கும். இழந்த பொருள் அருமையானது. ஆகவே அழுகையும் அருமையானது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நமக்குப் பழக்கமான துக்கம் இதுதான். தலைவன் குடித்துவிட்டு வந்து அடிப்பவனாக இருந்து, அவன் கடலில் காணாமல் போனால் தலைவி என்ன பாடுவாள்? அதற்கு இலக்கணத்தில் துறை இல்லை.

நவீன காலத்துக் கடல் கதைகளும் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றின. ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய அயர்லாந்து நாடகம் ‘கடலுக்குச் செல்வோர்’ உலகப் புகழ் பெற்றது. ஒரு தாய் தன் ஆண்மக்கள் அனைவரையும் கடலுக்குக் கொடுத்துவிடுகிறாள். தொலைவில் கரை ஒதுங்கிய உடல் தங்கள் அண்ணனுடையதுதானா என்பதை அவன் காலுறையின் பின்னல் கண்ணிகளை எண்ணிப் பார்த்துத் தங்கைமார் அறிந்துகொள்ளும் இடத்தைப் படித்தவர்கள் மறக்க முடியாது. அந்தத் தாய் மாபெரும் பாத்திரம். ஆனால் இறந்த மகன்கள் எவனும் அவளுக்குத் தீங்கு செய்தவனல்லன்.

தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்தார். அங்கே கடல் ஒரு நீதிபதி. கரையில் இருப்பவளின் கற்பு கடலில் இருப்பவனின் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கதை நிற்கிறது. கறுத்தம்மாவின் மனம் பரீக்குட்டியிடம் போகிறது. பழனி சுறாவோடு சுழிக்குள் போகிறான். வாசகனுக்கு அழவும் முடிகிறது, இது ஏன் நடந்தது என்று காரணம் சொல்லவும் முடிகிறது. துக்கத்திற்குக் காரணம் கிடைத்துவிட்டால் பாதி ஆறுதல்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நம் கரையின் கதை, மணப்பாட்டுக் கதை. வள்ளத்திற்கும் லாஞ்சுக்கும் இடையிலான பகை, கொலை, குடும்பச் சிதைவு எல்லாம் அதிலும் உண்டு. மரியம்மைக்கும் வாத்திக்கும் உள்ள நெருக்கத்தை வேறொருவர் எழுதியிருந்தால் ஊர் காறித் துப்பும் விஷயமாக ஆக்கியிருப்பார். சாமிதாஸ் பிலோமியைக் கைவிட்டு வேறு பெண்ணை மணக்கிறான். ஆனால் பிலோமியால் யாரையும் வெறுக்க முடிவதில்லை. அவள் வெறுக்காததால் நாமும் வெறுப்பதில்லை. தன் மனிதர்கள் எல்லாரையும் வண்ணநிலவன் முன்கூட்டியே மன்னித்துவிட்டுத்தான் எழுதவே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். சிறிய நாவல், படித்து முடிக்கையில் மனம் கனிந்திருக்கும்.

‘ஆழி சூழ் உலகு’ இந்த உதவிகள் எதையும் செய்வதில்லை. ஆசிரியர் யாரையும் நமக்காக மன்னித்துத் தருவதில்லை. கடல் யாருக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. சோழக்காற்று வீசும்போது மரத்தில் இருப்பவன் யார், நேற்று இரவு அவன் என்ன செய்தான் என்பதைக் காற்று விசாரிப்பதில்லை. கொலை செய்தவன் பாடு நிறையக் கொண்டு கரை சேர்கிறான். ஒரு பாவமும் அறியாத இளைஞன் திரும்புவதில்லை. இதைப் படிக்கும்போது வரும் துக்கத்திற்கு நம்மிடம் தயாராக ஒரு பாட்டு இல்லை. தமிழாசிரியருக்கு வந்த எரிச்சல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறோம்.

*

அவருடைய கேள்விக்கு அன்று பதில் சொன்னவர் அஞ்சலக அக்கா. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். நாவலின் வட்டார வழக்கில் நாங்கள் தடுக்கி விழும் இடங்களிலெல்லாம் தூக்கிவிட்டவர் அவர்தான். பெரும்பாலும் அதிகம் பேச மாட்டார்.

“சார், கடல்ல போனவன் நல்லவனா கெட்டவனான்னு கேட்டுட்டா கரையில ஒப்பாரி வைக்கிறாங்க?” என்று ஆரம்பித்தார். பிறகு தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அவருடைய அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறோம்.

அண்ணன் குடிகாரர். அம்மாவின் நகையை அடகு வைத்துத் தின்றவர். மதினியை அடிப்பார். தங்கையின் கல்யாணத்திற்குச் சேர்த்த பணத்தில் கை வைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாடைக்காலத்தில் வள்ளத்தில் போன நான்கு பேரில் இருவர் திரும்பி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

“நல்லவனா இருந்திருந்தா அழுது முடிச்சிருப்போம் சார். அவனை நினைச்சா முதல்ல கோவம்தான் வரும். கோவம் அடங்கின பிறகுதான் அழுகை வரும். அதுக்குள்ள யாராவது வந்திருவாங்க, ஏதாவது வேலை வந்திரும். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, எங்க வீட்டுல அவனுக்கு ஒருநாள் முழுசா யாரும் அழுததில்ல.”

மாடியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மதினியின் நிலைமையையும் சொன்னார். உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் இல்லை. உயிரோடு இருந்தால் யாருக்கு இயல்பாகச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழாண்டு காலம் ஒரு செய்தியும் வராதிருந்தால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்த ஏற்பாடு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த ஏழாண்டுக் கணக்கு அப்படியே தொடர்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டக் கடற்கரையைச் சூறையாடியபோது, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் ஏழாண்டு காத்திருக்க முடியாது என்று குரல் எழுப்ப வேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். தொண்ணூறுகளில் தனியாக ஒரு வள்ளம் கவிழ்ந்த கதைக்கு அந்தக் குரலும் இல்லை. மதினி ஏழாண்டு காலம் மனைவியாகவும் இல்லை, கைம்பெண்ணாகவும் இல்லை. அடித்தவன் போய்விட்டான் என்று மூச்சு விடவும் முடியவில்லை; ஒருவேளை வந்துவிட்டால்? அவன் போய்விட்டானே என்று அழவும் முடியவில்லை, ஒருவேளை வந்துவிட்டால்?

ஒரே வாக்கியம். அதன் ஒரு பாதியில் அச்சம், மறுபாதியில் ஆசை. ‘ஆழி சூழ் உலகு’ போன்ற ஒரு நாவலின் துக்கம் எவ்வகைப்பட்டது என்பதை எங்களுக்கு விளக்கியது அந்த வாக்கியம்தான். எந்த விமர்சனமும் அல்ல.

*

முத்துக்குளித்துறையில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு செய்தி உண்டு. முத்துக் குளிப்பவன் கல்லைக் காலில் பற்றி இறங்குவான். இடுப்புக் கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில். கீழே இருந்து இழுப்பு வந்த கணத்தில் அவன் மேலே தூக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் மூச்சு முடிந்துவிடும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்பார்கள். மைத்துனனுக்கு இவனைப் பிடிக்காமல் இருக்கலாம். நிலத் தகராறு இருக்கலாம், சீதனத் தகராறு இருக்கலாம். ஆனால் கயிற்றை விட்டால் தாலி அறுவது தன் தங்கைக்கு. ஆகவே விடமாட்டான்.

இந்த ஏற்பாட்டில் யாருடைய நல்ல குணத்தையும் யாரும் நம்பவில்லை என்பதுதான் வியப்பு. கயிறு பிடிப்பவன் உத்தமனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. கீழே இறங்குபவன் உத்தமனா என்றும் கேட்கவில்லை. உன் துக்கம் என் சாவோடு கட்டப்பட்டிருக்கிறது, அது போதும் என்கிறது அந்த ஏற்பாடு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் குளிப்பில் ஒரு பங்கு கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள். இருந்தாலும் கயிற்றை அவரிடம் கொடுக்கவில்லை.

அரசு இங்கே நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் திரேஸ்புரத்திலிருந்து கடலுக்குப் போகிறார்கள். கயிற்றின் இடத்தில் வேறு கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கடற்கரை ஊர்களில் ஒருவருக்கொருவர் உள்ள பிணைப்பு இன்னும் அந்தக் கயிற்றின் வகையைச் சேர்ந்ததுதான். நேற்றுக் கத்தியோடு துரத்தியவனின் வள்ளம் திரும்பவில்லை என்றால் இன்று தேடிப் போகிற முதல் வள்ளத்தில் இவனும் இருப்பான். இது மன்னிப்பு அன்று. மன்னிப்பதற்கு நேரம் வேண்டும், தேடுவதற்கு நேரமில்லை.

நாவலின் நடுக்கடல் பகுதிகளை நாங்கள் இந்த வெளிச்சத்தில்தான் இரண்டாம் முறை வாசித்தோம். சிதைந்த மரம் மூன்று பேரைத் தாங்காது. பசி, தாகம், உப்பு ஊறிய உடம்பு. யார் பிடியை விடுவது? மூவருக்கும் பின்னால் அரை நூற்றாண்டின் அழுக்கு இருக்கிறது. ஊருக்குள் நடந்தது எல்லாம் நமக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர்கள் செய்வதைத் தியாகம் என்ற பெரிய சொல்லால் அழைக்கலாம், அழைத்தவர்களும் உண்டு. எங்களுக்கு அது கயிற்றை விடாமல் பிடிக்கும் செயலாகவே தோன்றியது. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அவர்கள் எல்லாரும் தூய மனிதர்களாக இருந்திருந்தால் அந்த அத்தியாயங்கள் ஓர் உபதேசக் கதையாகச் சுருங்கியிருக்கும். எந்த மனிதனிடமிருந்து இதை நாம் எதிர்பார்க்கவில்லையோ அவனிடமிருந்து வருவதால்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தலைப்பும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. கம்பனில் கைகேயி இராமனிடம் பேசும் இடத்துச் சொல் அது. பரதனுக்கு நாடு, உனக்குக் காடு என்று சொல்லும் வாய். கடல் சூழ்ந்த உலகம் முழுவதும் ஒருவனுக்கு என்று சொல்லப்படும்போது, எதிரே அதை இழந்து நிற்பவன் ஒருவன் இருக்கிறான். நாவலின் மனிதர்களுக்குக் கடலும் தங்களுடையதில்லை, உலகும் தங்களுடையதில்லை. பரதன் என்ற பெயரும் பரதவர் என்ற பெயரும் அருகருகே ஒலிப்பதில் ஒரு கசப்பான வேடிக்கை இருப்பதாக எங்களில் ஒருவர் சொன்னார். ஆசிரியர் அதை எண்ணினாரா என்பது வேறு விஷயம்.

*

எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுப் போவது எங்கள் நோக்கமன்று. நாவலின் மீது எங்களுக்குக் குறைகளும் உண்டு. பாத்திரங்களின் நெரிசலில் பலர் பெயராக மட்டும் வந்து பெயராகவே சாகிறார்கள். ஆண்டுக் கணக்கு அடிக்கடி முன்னும் பின்னும் தாவுவதால் யார் யாருக்கு மகன் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. இவை சிறிய குறைகள்.

பெரிய குறையைச் சொன்னவரும் அக்காதான். “கடல்ல மிதக்கிற மூணு பேருக்கு எத்தனை பக்கம் பாருங்க. கரையில நிக்கிறவளுக்கு எத்தனை பக்கம்?” ஆண்களின் இச்சையும் வீரமும் விரிவாக எழுதப்பட்டிருக்கும் அளவுக்குப் பெண்களின் காத்திருப்பு எழுதப்படவில்லை. பெண்கள் இச்சையின் கண்ணாலேயே பல இடங்களில் பார்க்கப்படுகிறார்கள். அவர்களும் ‘பிடிக்காதவர்’களாக இருப்பது பிரச்சினையில்லை. ஆண்களுக்கு அவர்களுடைய கெட்ட குணத்திற்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. பெண்களுக்குப் பல நேரங்களில் கெட்ட குணம் மட்டுமே கிடைக்கிறது. மதினியைப் போன்ற ஒருத்தியின் ஏழாண்டுகளை இந்நாவல் எழுதவில்லை. வேறு யாராவது எழுத வேண்டும். எழுதுபவர் கடற்கரைப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு குறை வெளியிலிருந்து சொல்லப்பட்டது. நாவல் வந்தபோது கடற்கரை ஊர்களிலேயே கோபம் எழுந்தது. எங்கள் சாதியைக் கேவலப்படுத்திவிட்டான், எங்கள் பெண்களை இழிவுபடுத்திவிட்டான், அழுக்குத் துணியை ஊர் நடுவே துவைத்துவிட்டான் என்றார்கள். ‘கொற்கை’ வந்தபோது அந்தக் கோபம் இன்னும் கூடியது. இந்தக் கோபத்தை ஏளனம் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. நூற்றாண்டுக் கணக்காகப் பிறர் தங்களை இழிவாகப் பேசக் கேட்ட ஒரு சமூகம், தன் பிள்ளை எழுதும் முதல் பெரிய புத்தகத்திலாவது தான் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்த ஆசைக்கு விலை உண்டு. நல்லவர்களை மட்டுமே எழுதினால் நல்லவர்களுக்கு மட்டுமே அழ முடியும். அப்படியானால் அக்காவின் அண்ணனுக்கு யார் அழுவது? அடித்தவன், திருடியவன், பொய் சொன்னவன் எல்லாம் கடலில் சாகத்தானே செய்கிறான். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அந்த ஆண்டு வெளிவந்த இந்நாவலையும் அந்த நாளையும் சேர்த்தே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்று நாளிதழ்களில் ‘அப்பாவி மீனவர்கள்’ என்று எழுதினார்கள். இரக்கத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் இறந்தவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் அப்பாவிகளாக்கிவிட்டால் அவர்களுடைய வீட்டாருக்கு அவர்களை அடையாளம் தெரியாமல் போய்விடும். என் மகன் முரடன், என் மகன் கடன்காரன், அவன்தான் போய்விட்டான் என்று சொல்லத்தான் ஒரு தாய் வாய் திறக்கிறாள். அந்த வாக்கியத்தை இடையில் வெட்டாமல் முழுதும் கேட்கிற பொறுமை செய்தித்தாளுக்கு இருக்காது. நாவலுக்கு இருக்க வேண்டும். இந்நாவலுக்கு இருக்கிறது.

*

மூன்றாவது கூட்டம் நவம்பரில் நடந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கடற்கரை ஊர்களில் அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு பூசி, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைப்பார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டும்தான்.

அக்காவின் வீட்டில் அண்ணனின் பெயர் ஒருமுறைகூட எழுதப்பட்டதில்லை. அம்மா இருந்தவரை அவர் விடவில்லை. பெயர் கொடுத்தால் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பார். அம்மா போன பிறகு தம்பிமார் விடவில்லை. குடும்பத்தை நாசமாக்கினவனுக்குப் பூசை ஒரு கேடா என்றார்கள். முதலில் பாசம் தடுத்தது. பிறகு கோபம் தடுத்தது. இரண்டுக்கும் நடுவில் பெயர் எழுதப்படாமலேயே இத்தனை ஆண்டுகள் போயின.

இந்த ஆண்டு தாம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்ததாக அக்கா சொன்னார். மதினியும் கூட வந்தாராம். பூசையில் பெயர் வாசித்தபோது மதினி அழவில்லை. வெளியே வந்ததும், “இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாராம்.

தமிழாசிரியர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், “எனக்கு இப்பவும் அந்த ஆட்களைப் பிடிக்கலம்மா” என்றார். “எனக்கும் பிடிக்கல சார்” என்றார் அக்கா. அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிடிக்காதவர்களைப் பிடிக்க வைப்பது இந்நாவலின் வேலை அன்று என்பதில் நாங்கள் எல்லாரும் ஒத்துப்போனோம். அவர்களைப் பிடிக்காமலேயே அவர்களுடைய பெயரைச் சத்தமாக வாசிக்க முடியும் என்று அது காட்டியிருக்கிறது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தமிழாசிரியருக்குப் போதவில்லை. அவர் ‘கடல்புரத்தில்’ நாவலைத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் நல்லதே; ஒரே கரைக்கு இரண்டு புத்தகங்களும் வேண்டும்.

அடுத்து ‘கொற்கை’ என்று முடிவாகியிருக்கிறது. காலச்சுவடு 2009இல் வெளியிட்டது. 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆமந்துறையிலிருந்து நாவல் எங்கள் ஊருக்கே வந்து சேர்கிறது: தோணிகள், தண்டல்கள், பாண்டியபதியின் வீழ்ச்சி, துறைமுகத்தின் எழுச்சி. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய புத்தகம். எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. மாடியிலிருந்து பார்த்தால் பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் சில இன்னும் தெரிகின்றன. அவை இருக்கும்போதே படித்து முடித்துவிட வேண்டும் என்று துறைமுக நண்பர் சொல்கிறார். இம்முறை யார் யாருக்கு மகன் என்ற காகிதத்தை முதல் நாளே எழுதத் தொடங்குவதாக வங்கி நண்பர்கள் இருவரும் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.